ப்ரூயிட் பார்க்க வந்தது

வெர்லின் ஸ்டோவலின் உயிர் போனபோது அறையில் இருந்தவர்கள்: மகள் டார்லா, மகன் கிளின்ட், வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ளும் நர்ஸ் யோலண்டா. அப்புறம் ப்ரூயிட். வெர்லின் அந்த ஆளைத் தன் வாழ்நாளில் பார்த்ததே இல்லை.

டார்லா அப்பாவுக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தாள். யோலண்டா அவரை ஒருக்களித்துப் பிடித்திருந்தாள். கிளின்ட் தட்டாமல் உள்ளே வந்தான். அவன் பின்னால், ஒரு கல்லூரியின் பெயர் போட்ட பச்சைச் சட்டையில் ப்ரூயிட். டார்லா போர்வையை இழுத்து மூடினாள்.

இரண்டு வாரத்துக்கு முன்பு, பேச்சு இருந்தபோது, அப்பா அவளிடம் கேட்டது ஒன்றுதான். "எவனையும் உள்ள விடாத. இந்தக் கோலத்துல என்னை யாரும் பாக்கக் கூடாது." அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். சர்ச்சிலிருந்து சாப்பாடு சமைத்துக் கொண்டுவந்தவர்களிடம் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு அப்படியே திருப்பி அனுப்பினாள். போதகரையும்.

ப்ரூயிட் பக்கத்து ஊர்க் கல்லூரியில் விளையாட்டுத் துறைத் தலைவர். பேஸ்பால் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் தேடிக்கொண்டிருந்தார். கிளின்ட் பதினோரு வருஷமாக ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் பந்துவீச்சுப் பயிற்சியாளன். பையன்களின் வேகத்தைக் கூட்டுவான், தோள் கெடாமல் பார்த்துக்கொள்வான். முழு அணியையும் கட்டி மேய்ப்பானா என்பதில்தான் அவர்களுக்குச் சந்தேகம். குடும்பத்தையும் பார்த்துத்தான் ஆளை எடுப்போம் என்று சொல்லிக்கொள்கிற கல்லூரி அது. அதனால் கூட்டிவந்துவிட்டான். பத்தே நிமிஷம் என்று அவள் காதில் சொன்னான். அப்பா படுத்த இந்த நான்கு மாதத்தில் அவன் வந்தது அது இரண்டாவது தடவை.

ஜாக்கெட் பையிலிருந்து ஒரு பந்தை எடுத்தான். அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பந்தின் தையல்மேல் வைத்து அழுத்தினான்.

"மெதுவாப் போற பந்துக்கு இதுதான் சார் பிடி. இவர்தான் கத்துக்குடுத்தாரு. தினமும் சாயங்காலம், பின்னாடி முற்றத்துல."

வெர்லின் எரிவாயு லாரி ஓட்டியவர். சாயங்காலம் வீட்டில் இருந்ததே கிடையாது. முற்றத்தில் குந்தி உட்கார்ந்து அவன் எறிந்ததையெல்லாம் பிடித்தவள் டார்லா. அதில் உடைந்த சுண்டுவிரல் இன்னும் கோணல்தான்.

ப்ரூயிட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, அடுத்த பருவத்துக்கு எத்தனை இடதுகை வீச்சாளர்கள் தேவைப்படும் என்று கேட்டார். கட்டிலுக்கு மேலாகவே பேச்சு போனது. யோலண்டா வெர்லினின் கழுத்தில் விரலை வைத்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"போயிட்டாரு."

கிளின்ட் உள்ளங்கையை நீட்டினான். களைத்துப்போன வீச்சாளனை மாற்றும்போது, பந்தைத் திரும்ப வாங்க மைதானத்துக்குள் நடந்துபோய் நீட்டுவானே, அதே மாதிரி. பந்தை எடுத்துக்கொண்டு அப்பாவின் தோளில் இரண்டு தட்டுத் தட்டினான். வேண்டுமென்று செய்யவில்லை, கைப்பழக்கம்.

சமையலறைத் தொட்டியில் அவள் கை கழுவும்போது ப்ரூயிட் பின்னாலேயே வந்தார். வருத்தம் தெரிவித்தார். பிறகு, உங்கள் தம்பி எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டார்.

"அவன் சொன்னது பொய் சார். எங்கப்பா பந்தையே தொட்டதில்ல."

"தெரியும்மா. உங்க சுண்டுவிரலைப் பாத்தாலே தெரியுதே, பந்தைப் பிடிச்சது யாருன்னு." அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அணிக்குப் பசங்களைச் சேக்கணும்னா அவங்க வீட்டுல போய் உக்காந்து அப்பா அம்மாவை நம்ப வைக்கணும். பந்துவீச்சு சொல்லிக்குடுக்கறவங்களுக்கு அது வரவே வராது. இவனுக்கு வருமான்னு பாக்கத்தான் வந்தேன்." குரலைத் தாழ்த்தினார். "பொய்னு தெரிஞ்சும் எனக்கே கண்ணு கலங்கிடுச்சும்மா."

அவள் குழாயை மூடினாள்.

நடையில் கிளின்ட் காத்திருந்தான். ப்ரூயிட் அவனைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் முகத்தில் சிரிப்பு வந்தது, அதை அவசரமாக விழுங்கினான்.

"கார் வரைக்கும் விட்டுட்டு வந்துடறேன்" என்றான் டார்லாவிடம்.

இருவரும் படியிறங்கினார்கள். டார்லா கதவைச் சாத்தினாள். மேல் தாழ்ப்பாளைப் போட்டாள். பிறகு சாவியைத் திருகிப் பூட்டினாள்.