பன்னிரண்டாவது ஸ்க்ரூ

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குள் டாஷ்போர்டு ஃபிரேம் உடையாமல் வெளியே வர வேண்டும். வந்துவிட்டால் கார் ஷெட்டிலேயே இருக்கும். வராவிட்டால் பழைய இரும்புக்காரர் லாரியில் காரை ஏற்றிக்கொண்டு போய்விடுவார், ஷெட் மனைவியான டாக்டரம்மாவுக்கு. இதுதான் கணவனுக்கும் மனைவிக்கும் நடந்த ஒப்பந்தம்.

வாய்ப்பேச்சாக விட்டிருந்தால் ஒருவேளை காற்றோடு போயிருக்கும். அன்றைக்குப் பார்த்து நாத்தனார் வீட்டுக்கு வந்திருந்தார். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். கையெழுத்து இல்லாத எதையும் நம்பாதவர். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான்கு வரி எழுதி, தம்பியிடம் ஒரு கையெழுத்து, தம்பி பெண்டாட்டியிடம் ஒரு கையெழுத்து வாங்கி, தாளைத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா பல் டாக்டர். வீட்டின் ஒரு பக்கத்து அறைதான் க்ளினிக். ஒரே ஒரு நாற்காலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் மாடிப்படியில் ஆளுக்கு ஒரு படியாக உட்கார்ந்து காத்திருப்பார்கள். பல்வலிக்காரனைப் படியில் உட்கார வைப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. க்ளினிக் சுவருக்கு அடுத்த பக்கம்தான் ஷெட். தண்ணீர்க் குழாய் இருக்கிறது, நல்ல வெளிச்சம் வரும் ஜன்னல் இருக்கிறது. ஒரு கதவை உடைத்துவிட்டால் இரண்டாவது நாற்காலி போட்டுவிடலாம். அந்த இடத்தில்தான் பதினோரு வருடமாக அந்தக் கார் சட்டமாக உட்கார்ந்திருந்தது.

அவள் கணவர் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். வகுப்பில் உலகத்தையே விரல் நுனியில் சுற்றுவார். அவருடைய கார் மட்டும் இதுவரை தானாக ஓர் அடி கூட நகர்ந்ததில்லை. வாங்கிய அன்று நான்கு பேர் தள்ளிக்கொண்டு வந்து ஷெட்டில் விட்டார்கள். அன்றிலிருந்து லீவு நாளெல்லாம் அதற்குத்தான். ஒரு பாகத்தைக் கழற்றுவார், துடைப்பார், பெயர் எழுதிச் சீட்டு ஒட்டுவார், பெட்டியில் வைப்பார். மாட்டிய பாகம் என்று இதுவரை ஒன்றுகூட இல்லை.

இப்போது டாஷ்போர்டுக்கு வந்திருந்தார். ஸ்டியரிங் சக்கரம் போனது, மீட்டர்கள் போயின, ரேடியோ, சாம்பல் கிண்ணம், சாமான் வைக்கும் பெட்டி எல்லாம் போயின. மிச்சம் இருந்தது இவற்றையெல்லாம் தாங்கிக்கொண்டிருந்த நீளமான ஃபிரேம் மட்டும். ஐம்பது வருட வெயிலில் காய்ந்து பிஸ்கட் பதத்துக்கு வந்துவிட்ட பிளாஸ்டிக். உடைந்தால் வேறு கிடைக்காது. ஃபிரேம் இல்லாமல் மீட்டரும் இல்லை, ஒயரும் இல்லை, கார் என்ற பேச்சே இல்லை.

ரிப்பேர் புத்தகத்தில் ஃபிரேமுக்குப் பதினொரு ஸ்க்ரூ என்று போட்டிருந்தது. பதினொன்றையும் கழற்றிவிட்டார். இரண்டு முனையும் ஆடின, நடுப்பகுதி மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. தேடோ தேடென்று தேடி, சாம்பல் கிண்ணம் இருந்த பொந்துக்குள் பன்னிரண்டாவது ஸ்க்ரூவைக் கண்டுபிடித்தார். அதன் தலை எதிர்ப்பக்கம், இன்ஜின் இருக்கும் திசையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நேரே பார்க்க முடியாது. ஒரு சின்னக் கண்ணாடியை உள்ளே நீட்டி, முனை வளைந்த ஸ்க்ரூடிரைவரை விட்டுத்தான் திருப்ப வேண்டும். இரண்டு வாரமாகத் திருப்பிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு மூன்று மணிக்கு டாக்டரம்மா டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒப்பந்தம் ஒப்பந்தமாக இருக்கட்டும், தாகம் தாகம்தானே. வாத்தியார் முன்சீட்டில் மல்லாக்கப் படுத்து, தலையைத் தொங்கவிட்டு, கையை முழங்கை வரை பொந்துக்குள் விட்டிருந்தார்.

"எப்படிப் போகுதுங்க?"

"அசையுதும்மா! மெதுவா அசையுது. நாலு மணிக்குள்ள வந்துரும், பாரு."

அவள் சும்மா குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துபோயிற்று. மனிதர் ஸ்க்ரூவைக் கழற்றவே இல்லை, இறுக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குள் இடப்பக்கம் திருப்பினால் உண்மையில் அது வலப்பக்கம் போகும். கடைவாய்ப் பல்லின் பின்புறத்தைக் கண்ணாடியில் பார்த்தே இருபத்தாறு வருடம் வேலை செய்தவளுக்கு இது மூச்சு விடுகிற மாதிரி. பூகோள வாத்தியாருக்கு எப்படித் தெரியும்? இரண்டு வாரமாக ஒவ்வொரு நாளும் சாயங்காலம் வியர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து, தன் காரைத் தானே பூட்டிக்கொண்டிருந்தார்.

வார்த்தை அவள் நாக்கு நுனி வரை வந்தது, அதை அப்படியே விழுங்கினாள். ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஷெட் அவளுடையது. யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை, பொய் சொல்ல வேண்டியதில்லை. டீ டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, "ஆறிடப் போகுது, குடிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு க்ளினிக்குக்குப் போனாள்.

அங்கே டேப்பை எடுத்துச் சுவரை அளந்தாள். கதவு இங்கே, நாற்காலி அங்கே, கை கழுவும் தொட்டி அந்த மூலையில். அளந்ததையே மறுபடி அளந்தாள். அவ்வளவு ஆசைப்பட்ட இடம் கைக்கு வரப் போகிறது, மனதில் சந்தோஷம் மட்டும் மருந்துக்கும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் வாத்தியார் ஸ்க்ரூவிடம் பேசுவது கேட்டது.

"வந்துரு கண்ணு. நல்ல பிள்ளையில்ல? இன்னும் ஒரே ஒரு சுத்து. அவசரமே இல்லே, யோசிச்சு வா."

கடைசி பெஞ்ச் மாணவனிடம் பேசுகிற அதே குரல். மனிதருக்குக் கோபமும் வரவில்லை, சலிப்பும் வரவில்லை. தோற்கப் போகிற ஆள் இப்படியா பேசுவது? அவளுக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சல் அவர் மேலா, தன் மேலா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே சுவருக்கு அப்பால் 'கிறீச்' என்று ஒரு சின்னச் சத்தம்.

அந்தச் சத்தம் அவளுக்கு அத்துப்படி. காய்ந்துபோன பல் உடைவதற்கு முன்னால் போடுகிற சத்தம் அது. ஷெட், கதவு, இரண்டாவது நாற்காலி எல்லாம் அந்த நொடியில் பறந்துபோயின. எதிரே பரிதாபமாக ஒரு வாய் திறந்து கிடக்கிறது, யாரோ தப்பான இடத்தில் அழுத்துகிறார்கள் என்பது மட்டும்தான் மனதில் நின்றது. டேப் எங்கே விழுந்தது என்று கூடத் தெரியாமல் ஓடினாள்.

"நிறுத்துங்க! கையை எடுங்க மொதல்ல!"

வாத்தியார் பயந்துபோய் எழுந்ததில் தலை கூரையில் இடித்தது. "என்னம்மா? என்ன ஆச்சு?"

"நீங்க கழட்டலே. இறுக்கிக்கிட்டு இருக்கீங்க."

"அது எப்படி? இடப்பக்கந்தானே திருப்பறேன்?"

"கண்ணாடியில இடப்பக்கம்! கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரினதில்லையா நீங்க? இன்னும் அரை சுத்து சுத்தியிருந்தா ஃபிரேம் ரெண்டா போயிருக்கும்."

அவர் கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தார். பொந்தைப் பார்த்தார். "ரெண்டு வாரமாவா?" என்றார் ஈனசுரத்தில்.

"ரெண்டு வாரமா. நகருங்க, இடம் விடுங்க."

கண்ணை மூடித் திறப்பதற்குள் முன்சீட்டில் க்ளினிக் வந்து இறங்கிவிட்டது. தலையில் கட்டும் விளக்கு, நீளக் காம்பு வைத்த வாய்க் கண்ணாடி, ஊசி முனை போட்ட சிரிஞ்சு. சிரிஞ்சில் துரு இளக்கும் எண்ணெய். கண்ணாடியை உள்ளே விட்டு, மிகச் சரியாக ஸ்க்ரூவின் கழுத்தில் மூன்று சொட்டு விட்டாள். விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அப்புறம்?" என்றார் பக்கத்துச் சீட்டில் இருந்த வாத்தியார்.

"அப்புறம் என்ன, மரத்துப் போகணும். கால் மணி நேரம்."

"மணி மூணே காலும்மா!"

"ஊசி போட்டவுடனே பல் பிடுங்கற குறடோட வர்றது எங்க வழக்கத்துல இல்லே. வாயை மூடிக்கிட்டு உட்காருங்க. இல்லே, திறந்துக்கிட்டாவது உட்காருங்க, பார்க்கறேன். அந்தக் கடைவாய்ப் பல்லைக் காட்டாம எத்தனை நாள் ஏமாத்தறீங்க?"

வாத்தியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வந்தது அவளுக்கும் தொற்றிக்கொண்டது. ஸ்டியரிங் இல்லாத, மீட்டர் இல்லாத, எங்கும் போகாத அந்தக் காரில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார்கள். இத்தனை வருடத்தில் அவர் வேலை செய்யும் இடத்தில் அவள் உட்கார்ந்ததில்லை, அவள் வேலை செய்யும் இடத்தில் அவர் உட்கார்ந்ததில்லை. பல்வலி வந்தால்கூட அவர் கிராம்பைக் கடித்துக்கொண்டு ஒளிந்துகொள்ளும் ஆள். இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனை நாளாயிற்று என்று அவள் எண்ணிப் பார்த்தாள், ஞாபகம் வரவில்லை.

மூன்றரை மணிக்கு அவள் மறுபடி விளக்கைப் போட்டாள். கண்ணாடிக்குள் வலப்பக்கமாக, துளித் துளியாக ஸ்க்ரூடிரைவரைத் தள்ளினாள். முதலில் ஒன்றுமில்லை, பிறகு 'டிக்' என்று ஒரு சத்தம். அதன் பிறகு ஸ்க்ரூ சமர்த்தாகச் சுற்றிக்கொண்டு வந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது. வாத்தியார் கையைத் தட்டிவிட்டு, ஆர்வம் தாங்காமல் ஃபிரேமின் முனையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுக்கப் போனார்.

"இழுக்காதீங்க! யாராவது இழுப்பாங்களா? ஆட்டணும்."

"நீங்கல்லாம் பல்லை இழுத்துப் புடுங்கறதில்லையா?"

"இழுக்கறதா? ஐயோ! முன்னாடி, பின்னாடி, முன்னாடி, பின்னாடி. அதுக்கா மனசு வந்து வெளிய வரணும். அந்தப் பக்கத்தைப் பிடிங்க. நான் சொல்லும்போது மட்டும்."

அவர் ஒரு முனை, இவள் ஒரு முனை. முன்னாடி, பின்னாடி. நடுவில் பழைய பெயின்ட் பொடிப் பொடியாக உதிர்ந்தது. வாத்தியார் மூச்சைப் பிடித்துக்கொண்டு, சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளையாக, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். பிறகு எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் ஃபிரேம் அவர்கள் கைக்கு வந்துவிட்டது. ஒரு கீறல் இல்லை. ஷெட் ஜன்னலுக்கு நேரே அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தபோது வாத்தியாரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

வெளியே லாரி ஹார்ன் அடித்தது. பழைய இரும்புக்காரர் ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். பின்னாலேயே நாத்தனார், கையில் காலண்டர் தாள். ஃபிரேமை முன்னும் பின்னும் திருப்பச் சொல்லிப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

"'டாஷ்போர்டு ஃபிரேமைக் கணவர் உடையாமல் வெளியே எடுக்க வேண்டும்.' கணவர்னு எழுதியிருக்கு. ஏண்டா தம்பி, யாரு எடுத்தா?"

வாத்தியாருக்குப் பொய் வராது. "அவதான்க்கா. நான் ஒரு முனையைப் பிடிச்சேன், அவ்வளவுதான். நான் பண்ணினதெல்லாம் இறுக்கினதுதான்."

"அப்போ உனக்குச் செல்லாது. ஷெட் இவளுக்கு" என்றார் நாத்தனார். சொல்லிவிட்டார் என்றாலும், அவருக்கே அது பிடித்ததாகத் தெரியவில்லை. தாளை மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

பழைய இரும்புக்காரருக்கு இந்தச் சட்டமெல்லாம் புரியவில்லை. கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்டரம்மாவைப் பார்த்தார். "வண்டியை ஏத்திரலாமாம்மா?"

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். வாத்தியார் மட்டும் பார்க்கவில்லை. அவர் ஃபிரேமைப் பக்குவமாகப் போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தார், கேட்காதவர் போல. அந்தச் சுற்றலை அவள் பார்த்தாள். ஷெட் வேண்டும்தான். இன்றைக்கும் வேண்டும், நாளைக்கும் வேண்டும். அதற்காக இந்தக் காரை லாரியில் ஏற்ற அவளால் முடியாது.

"வண்டி போகாதுங்க" என்றாள். "உங்களை வீணா வரவழைச்சுட்டோம், மன்னிச்சுக்குங்க. அந்த மூலையில பழைய தகரமெல்லாம் கிடக்கு, அதை எடுத்துக்கிட்டுப் போங்க."

நாத்தனார் காலண்டர் தாளை நான்காகக் கிழித்தார். பதிவான ஒன்றை அவர் கிழித்தது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும். "டீ இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

வாத்தியார் கையில் போர்வையோடு நின்றார். "ஏம்மா, நீ டீ கொண்டுவந்தப்பவே கண்ணாடியில பார்த்தியே. அப்பவே தெரிஞ்சுபோச்சா, நான் இறுக்கறேன்னு?"

அவளுக்கு முகம் சுருங்கியது. பொய் சொல்லலாம், ஆனால் இந்த மனிதரிடமா? "தெரிஞ்சுபோச்சு" என்றாள். "சொல்லலே. பத்து நிமிஷம் அந்தப் பக்கம் போய்ச் சுவரை அளந்துக்கிட்டு இருந்தேன். அந்தப் பத்து நிமிஷமும் மனசு மனசாவே இல்லே."

அவர் மாடிப்படியைப் பார்த்தார், க்ளினிக் சுவரைப் பார்த்தார்.

"நீ பத்து நிமிஷந்தான் சும்மா இருந்தே" என்றார். "நான் பதினோரு வருஷம் சும்மா இருந்தேனே. அந்தப் படியில உட்கார்ந்திருக்கிறவங்களை ஒரு நாளாவது திரும்பிப் பார்த்தேனா?"

அவர் போர்வைச் சுருளை அவள் கையில் கொடுத்தார்.

"அந்த டேப் எங்கே? கொண்டா. காரை அந்தச் சுவர் ஓரமாத் தள்ளினா எவ்வளவு இடம் மிச்சமாகுதுன்னு அளப்போம்."