விற்ற வெயில்

1

இந்தக் கதை என் மனைவி பிரேமலா ஒருநாள் சாப்பிடும்போது சொன்னது. சொல்லிவிட்டு இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டாள். போன ஆண்டு இறந்துவிட்டாள். மலேசியாவில், ஜோகூர் மாநிலத்து உலு திராமில் ரப்பர் கையுறை செய்யும் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவு மேலாளராக இருந்தாள். கதையில் மற்றவர்களின் பெயரை மாற்றிவிட்டேன். அவள் பெயரை மாற்ற மனமில்லை.

2

முதல் தொடக்கம்: ஜோகூரின் தங்க வெயிலில் அந்தத் தொழிற்சாலைக் கூரை...

[அடித்துவிட்டேன். அவள் சிரித்திருப்பாள்.]

இரண்டாவது: அரசாங்கம் சூரிய மின்சாரத்துக்கு வரிச்சலுகை தந்தது. கம்பெனி கூரை முழுக்கச் சூரியத் தகடு போட்டது. முதலாளி சாத்தப்பன் பூசை வைத்து, தகடு தகடாகச் சந்தனமும் குங்குமமும் அப்பினார். மின்சாரம் குறைந்தது. துடைக்கச் சொல்ல இன்ஜினியருக்கே பயம். பிரேமலாதான் ஆளனுப்பினாள். அந்த மின்சாரத்துக்குப் பசுமைச் சான்றிதழும்* கிடைத்தது.

* பசுமைச் சான்றிதழ்: 'எங்கள் மின்சாரம் வெயிலில் வந்தது' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை. அதைத் தனியாக விற்கலாம். விற்றபின் அப்படிச் சொல்லக்கூடாது.

3

கம்பெனி அந்தச் சான்றிதழை விற்று, வந்த பணத்தை வருமானத்திலும் காட்டியது. ஆனால் ஆண்டறிக்கை வரைவின் முதல் பக்கத்தில், 'எங்கள் ஆலை சூரிய சக்தியில் இயங்குகிறது' என்றிருந்தது. அறிக்கையிலுள்ள கணக்கு சரி என்று சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டியவள் பிரேமலா. முதலாளியின் அறைக்குப் போனாள்.

"பாஸ், இந்த வரிய எடுக்கணும்."

"ஏம்மா? தகடு நம்ம கூரையிலதான இருக்கு? வெயிலு பக்கத்து ஃபேக்டரியிலயா அடிக்குது?"

"சான்றிதழ வித்துட்டோமே பாஸ். பலகாரத்த வித்துட்டு, நாங்கதான் சாப்பிட்டோம்னு ஏப்பம் விடலாமா?"

"அலமாக்! ஒரு வரிதான லா. இதப் பார்த்துத்தான் பேங்க்ல வட்டியக் குறைக்கிறாங்க."

"அதனாலதான் சொல்றேன். இது இருந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"நீ போடலன்னா போடுற ஆள் வருவாங்க. நல்லா யோசிச்சுக்க."

"யோசிச்சுட்டுத்தான் பாஸ் மாடியேறி வந்தேன்."

[இந்தக் கடைசிப் பதில் நானாகச் சேர்த்ததோ என்று ஒரு சந்தேகம். இல்லை. எனக்கு இப்படியெல்லாம் பேச வராது.]

4

முடிவு ஒன்று: அவள் வேலை போகிறது.

முடிவு இரண்டு: சாத்தப்பன் முணுமுணுத்துக்கொண்டே வரியை அடிக்கிறார்.

முடிவு மூன்று: அவர் எழுந்து நின்று நன்றி...

[நீக்கம். சாத்தப்பன் அப்படிப்பட்டவரல்ல.]

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை. எதை எழுதினாலும் கடைசி வரியில் அவள் அந்த அறையை விட்டு வெளியே போக வேண்டியிருக்கிறது. இப்போது நிமிர்ந்து நிற்கிறாள். நிற்கட்டும்.

முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எப்படி வேண்டுமானாலும். கையெழுத்து மட்டும் போட வைத்துவிடாதீர்கள்.