அக்காவின் பேரில் ஒரு பூச்சி

மண்ணுக்குள் வாழும் சிற்றுண்ணிகளை இனம் பிரிப்பதுதான் தங்கைக்காரியின் வேலை. கண்ணுக்கே தெரியாத எட்டுக்கால் பூச்சி. அதன் முதுகு மயிரை எண்ணி இது இன்ன இனம் என்று சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் சம்பளமா என்று வாய்பிளக்காத சொந்தக்காரர் இல்லை.

போன மாதம் ஒரு புது இனம் சிக்கியது. அக்காவின் பெயரையே வைத்து, விவரித்து எழுதி அனுப்பினாள். ஆய்விதழும் ஏற்றுக்கொண்டது. மருத்துவர்கள் கைவிரித்த பிறகு சோறு இறங்காமல் கிடந்த அக்கா, விஷயம் கேட்டு எழுந்து உட்கார்ந்தாள். ஊசி போட வரும் நர்ஸையும் விடவில்லை, பால்காரரையும் விடவில்லை.

"நான் போனாலும் என் பேரு மண்ணுக்குள்ள ஓடிக்கிட்டிருக்கும், தெரியும்ல" என்று ஒரே அலட்டல்.

இன்று காலை, அச்சுக்குப் போகுமுன் படத்தைச் சரிபார்க்க அந்தப் பூச்சியை மறுபடி நுண்ணோக்கியில் வைத்தாள். அமிலத்தில் வாரக்கணக்கில் ஊறினால்தான் தோல் தெளியும். அக்காவுக்கு நாள் குறைவு என்ற பதைப்பில் அன்று அவசரப்பட்டுப் பாதியிலேயே எடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு திரும்ப அமிலத்திலேயே போட்டு வைத்திருந்தாள். இப்போது தோல் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. உள்ளே, சட்டை உரிக்கத் தயாராக, எந்தத் தோட்டத்து மண்ணிலும் கிடைக்கிற ஒரு பழைய இனம் மடங்கிக் கிடந்தது. புது இனமும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் புதிது என்று நினைத்தது அந்தப் பழைய இனத்தின் குஞ்சு. இந்த வகையில் குஞ்சுக்கும் தாய்க்கும் ஜாடையே இருக்காது. அது தெரிந்தும் ஏமாந்தாள்.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆசிரியருக்கு எழுதிவிட்டு, நேரே வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னாள். சொல்லும்போது அழுகை முட்டியது.

"பத்திரிகைக்கு எழுதிட்டியா?" என்று கேட்டாள் அக்கா.

"எழுதிட்டேன்க்கா."

"அது சரி. அது உன் தொழில்." அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "என்கிட்ட எதுக்குடி சொன்னே? இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கப் போறேன்?"

தங்கைக்காரி மனசில் இருந்த பாரத்தை இறக்கி வைத்தால் போதும் என்று வந்திருந்தாள். அது யார் தலையில் இறங்கும் என்று யோசிக்கவே இல்லை.

"நர்ஸ் வர்ற நேரம். மூஞ்சியத் துடை" என்றாள் அக்கா. "அவ பூச்சியப் பத்திக் கேட்டா, அடுத்த மாசம் வருதுன்னு சொல்லு."