நூற்றுப் பதினெட்டுப் பாகங்கள், ஆறு மணி நேரம்

என் மச்சினன் ஒரு கார் கட்ட உட்கார்ந்தால், அது முடிவதற்குள் நிஜக் கார் கம்பெனி அந்த மாடலையே நிறுத்திவிடும். கிண்டலுக்குச் சொல்லவில்லை. அவன் அறையில் பதினான்கு பெட்டிகள் இருக்கின்றன, அத்தனையும் பிளாஸ்டிக் கார் கிட். வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்தால் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான நீளத்தில் கார் வரும். அந்தப் பதினான்கில் ஒன்றுக்குக்கூட இன்னும் நான்கு சக்கரம் சேர்ந்தபாடில்லை. ஒன்றில் என்ஜினுக்கு ஒயர் எல்லாம் இழுத்திருப்பான், கதவு இருக்காது. இன்னொன்றில் கதவில் சாவித் துவாரம் போட்டிருப்பான், கூரை இருக்காது.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. ஆஸ்பத்திரி லேபில் வேலை. காலையிலிருந்து மைக்ராஸ்கோப்பில் ரத்த அணுக்களை எண்ணுகிறவன். ஒன்றை விட்டுவிட்டால் யாரோ ஒருவருடைய ரிப்போர்ட் தப்பாகிவிடும் என்ற பயம் அவன் எலும்பில் ஊறியிருக்கிறது. நான் அதற்கு நேர் எதிர். வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் லாரி ஓட்டுகிறேன். இருபது வருடமாக ஜனங்கள் சேர்த்து வைத்திருக்கும் தட்டுமுட்டுச் சாமான்களைச் சுமந்து சுமந்து, எதையும் கழித்துக்கட்டினால்தான் எனக்கு நிம்மதி. நான் கட்டும் காரில் பானெட் திறக்காது. முப்பது நாற்பது பாகம், ஒரே நிறம், நல்ல பளபளப்பு, மூன்று ஞாயிற்றுக்கிழமையில் வேலை முடிந்தது. எங்கள் மாடல் கார் சங்கத்தில் என்னை 'மூடி' என்றும் அவனை 'பூதக்கண்ணாடி' என்றும் கூப்பிடுகிறார்கள். இரண்டுமே பொருத்தம்தான்.

அந்தச் சங்கத்தில்தான் வினை வந்தது. டயர் கடைக்கு மேலே ஒரு நீளமான ஹால், ஆறு மேசை, முப்பத்தோரு உறுப்பினர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் மச்சினனுக்கு அங்கே போகாவிட்டால் சோறு இறங்காது. மற்ற நாட்களில் வேலை விட்டால் வீடு, வீடு விட்டால் வேலை. பேச்சுத் துணை என்று அவனுக்கு இருப்பதே அந்த ஆட்கள்தான். ஆனால் சங்கத்துக்கு ஒரு விதி உண்டு. மூன்று வருடத்தில் ஒரு காரையாவது முழுதாக முடித்து மேசையில் வைக்காதவர் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். காத்திருப்போர் வரிசையில் ஒன்பது பேர் நிற்கிறார்கள். அவனுடைய மூன்று வருடம் இந்த மாதத்தோடு சரி.

செயலாளர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருக்கும் அம்மாள். அவரிடம் கெஞ்சிப் பார்க்கலாம் என்று நினைக்கிறவன் ஒருமுறை டிக்கெட் இல்லாமல் ரயில் ஏறிப் பார்க்க வேண்டும். அவர் கொடுத்த ஒரே வழி, இந்த மாதக் கடைசிப் போட்டி. இரண்டு பேர் சேர்ந்து ஒரு கிட். காலை பத்து மணிக்குப் பெட்டியைப் பிரிக்க வேண்டும், மாலை நான்கு மணிக்கு முடிந்த கார் மேசைமேல் நிற்க வேண்டும். அதில் முடித்தாலும் கணக்கில் சேரும் என்றார்.

என் மனைவி அன்று சாயங்காலமே என்னைப் பிடித்துக்கொண்டாள். "என் தம்பிகூட நீங்கதான் உக்காரணும். அவன் முடிக்காம எழுந்தா, நீங்களும் வீட்டுக்கு வராதீங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பை நான் பதினாறு வருடமாகப் பார்த்து வருகிறேன், அதை நம்ப முடியாது.

ஞாயிறு பத்து மணிக்குச் செயலாளர் விசில் ஊதினார். பெட்டியைப் பிரித்தோம். பழைய காலத்து இரண்டு கதவுக் கார், நூற்றுப் பதினெட்டுப் பாகம். எனக்குக் கை துறுதுறுத்தது. வெளிப்புறம் என் பொறுப்பு, உட்புறம் அவன் பொறுப்பு என்று முதல் நிமிடத்திலேயே பாகம் பிரித்துவிட்டேன். பத்தே முக்காலுக்குப் பால்கனியில் நின்று தக்காளிச் சிவப்பில் முதல் கோட்டிங் அடித்தாகிவிட்டது. ஹேர் டிரையரை வைத்துக் காயவைத்து, இரண்டாவது, மூன்றாவது. கூரையில் என் மூக்கு தெரிந்தது. பக்கத்து மேசையில் இருந்த பல் டாக்டரும் அவர் தங்கையும் எட்டிப் பார்த்துப் பொறாமையில் உதட்டைப் பிதுக்கினார்கள். அதைவிட வேறு பாராட்டு வேண்டுமா? எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒன்றரை மணிக்கு அடிச்சட்டம், அச்சு, சக்கரம் எல்லாம் தயார். திரும்பிப் பார்க்கிறேன், அவன் ஒரு இருக்கையை முடித்திருக்கிறான். ஒன்றே ஒன்று. அதன் ஓரத்தில் தையல் நூலைப் பிரித்து எடுத்த ஓர் இழையால் நிஜமாகவே தையல் போட்டிருந்தான்.

சரி, மாற்றான் பிள்ளை இல்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். இரண்டு மணிக்கு சீட் பெல்ட். இரண்டேகாலுக்கு மிதிகட்டைகளில் தேய்மானம் காட்டினான். இரண்டரைக்குப் பின்சீட்டில் போட ஒரு செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தான், அரிசி அகலம்கூட இருக்காது. மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒற்றை முடி பிரஷ்ஷை வைத்துக்கொண்டு டாஷ்போர்டில் எதையோ எழுதினான். என்ன என்று கேட்டேன். கார் ஓடிய கிலோமீட்டராம், டாஷ்போர்டின் மேலே மல்லாந்தபடி இருந்த மீட்டரில். ஐந்து இலக்கம்.

எனக்கு வந்ததே கோபம். இதை யார் கண்ணுக்குத் தெரியும், எந்த மகராசன் குனிந்து படிக்கப் போகிறான் என்று கத்திவிட்டேன். ஹாலில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் பிரஷ்ஷை எடுக்கவில்லை. "யாருக்கும் தெரியாது மாமா. ஆனா அங்க ஒண்ணும் எழுதலைன்னு எனக்குத் தெரியுமே" என்றான்.

"பாக்குறவனுக்கு முதல்ல கார் தெரியணும் மாப்ள. அதுக்கு ஒரு கார் இருக்கணும்."

அவன் ஐந்தாவது இலக்கத்தை எழுதிவிட்டு, மூன்றே காலுக்கு உட்புறத்தை என் கையில் கொடுத்தான். கொடுக்கும்போது அவன் விரல்கள் அதை விடவே மாட்டேன் என்றன. நான் வாங்கிப் பார்த்தேன். சொல்லத்தான் வேண்டும், என் கோபம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. யாரோ கதவைச் சாத்திவிட்டு இப்போதுதான் கடைக்குப் போயிருக்கிற மாதிரி இருந்தது. என்னால் ஏழு ஜென்மத்துக்கும் முடியாது. இதை எப்படியாவது ஊர் பார்க்க வேண்டும் என்ற பதற்றம் என்னைத் தொற்றிக்கொண்டது.

பதற்றம்தான் கெடுத்தது. கண்ணாடிகளைக் கார் உடலின் உட்பக்கமிருந்து ஒட்ட வேண்டும். அதற்கென்று வெள்ளைப் பசை உண்டு, காய அரை மணி ஆகும். சூப்பர் க்ளூ பத்து விநாடியில் பிடிக்கும், ஆனால் அதன் ஆவி பிளாஸ்டிக் கண்ணாடியில் பட்டால் வெள்ளையாகப் படிந்துவிடும். இந்தக் கலையில் இறங்குகிற எவனுக்கும் முதல் நாளே சொல்லித்தருகிற பாடம் இது. நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இருந்தும் கை போனது சூப்பர் க்ளூவுக்கு. முன்கண்ணாடி, பின்கண்ணாடி, பக்கங்கள், நான்கையும் ஒட்டி, உட்புறத்தை அடிச்சட்டத்தில் வைத்து, சூடு ஆறுவதற்குள் உடலைத் தூக்கி அடிச்சட்டத்தின்மேல் கவிழ்த்து, அடியில் இருந்த இரண்டு திருகையும் முறுக்கினேன். சக்கரத்தில் நிறுத்தினேன். மூன்று இருபத்தெட்டு.

அழகாக நின்றது. அரை நிமிடம்தான். பிறகு முன்கண்ணாடியின் ஓரத்தில் லேசாக ஒரு வெளுப்பு. அது நடுவை நோக்கி நகர்ந்தது. பக்கக் கண்ணாடியிலும் அதே. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தையல் போட்ட இருக்கை, பெல்ட், செய்தித்தாள், ஐந்து இலக்கம், எல்லாம் ஒவ்வொன்றாக மறைந்துபோயின. ஐந்து மணி நேரம் அவன் கண் வலிக்கச் செய்ததை நான் பத்து விநாடியில் மூடிவிட்டேன். எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. பல் டாக்டரின் தங்கை "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தப்பு என்னோடது மாப்ள" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவன் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு கணம் காரையே பார்த்தான். பிறகு, நான் எதிர்பார்க்கவே இல்லை, அவனே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் திருகுகளைக் கழற்றினான். உடலைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, பற்பசை இருக்கிறதா என்று பல் டாக்டரிடம் கேட்டான். பல் டாக்டர் பையில் பற்பசை இல்லாமலா போகும். போட்டியாளர் என்றும் பாராமல் எடுத்து நீட்டினார். பஞ்சு சுற்றிய குச்சியில் பற்பசையைத் தொட்டு, முன்கண்ணாடியின் உள்பக்கம், ஓட்டுநர் பக்கத்திலிருந்து, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தான். கை நடுங்கவே இல்லை. எனக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நிமிடத்தைச் சொல்லிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

மூன்று ஐம்பதுக்கு வெளுப்பு ஓர் இடத்தில் விலகியிருந்தது. ஓட்டுநருக்கு நேரே, விரல் நகம் அளவுக்கு, ஒரு வில் மாதிரி. எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று உடலை அடிச்சட்டத்தின்மேல் வைத்தேன்.

வைத்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மழைக்கால விடியலில் லாரியை எடுக்கும்போது கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருக்கும். துணி தேட நேரமிருக்காது. புறங்கையால் ஒரே இழுப்பு இழுத்துவிட்டு, அந்த இடைவெளி வழியாகவே ரோட்டைப் பார்த்துக் கிளம்பிவிடுவேன். அதேதான் இது. மற்ற எல்லாம் மூட்டத்தில் இருக்க, அந்த ஒரு வில் வழியாக ஸ்டியரிங்கும் அதன் அருகே அவன் எழுதிய ஐந்து இலக்கமும் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. அந்தக் காரில் ஆள் உட்கார்ந்திருப்பதாகவே பட்டது.

"நிறுத்து மாப்ள. இதுக்கு மேல தேய்க்காத" என்றேன்.

அவன் உடலைத் திரும்பக் கையில் எடுத்தான். இன்னும் ஒன்பது நிமிடம் இருக்கிறது, பின்சீட் வரைக்கும் தேய்த்துவிடலாம் என்றான். தையல் தெரியவில்லை, செய்தித்தாள் தெரியவில்லை, அவ்வளவும் வீண் என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் முன்கண்ணாடி தேய்ந்து தேய்ந்து காகிதமாகியிருந்தது, அழுத்தினால் பிளந்துவிடும். அதுவும் அவனுக்குத் தெரியும். பிடுங்கி வைத்துவிடலாமா என்று என் கை பரபரத்தது. பிடுங்கினால் அது என் காராகிவிடும். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அவன் உடலை அடிச்சட்டத்தின்மேல் வைத்து, காரைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்த வில் வழியாகப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். செயலாளர் "மூன்று நிமிடம்" என்று அறிவித்தார். அவன் பஞ்சுக் குச்சியைக் குப்பைத் தட்டில் போட்டான்.

"இருக்கட்டும் மாமா. உள்ள இருக்குல்ல" என்றான்.

திருகு முறுக்கியது நானா அவனா என்று எனக்கு நினைவில்லை. இரண்டு பேர் விரலும் அதில் இருந்தன. விசில் ஊதும்போது கார் மேசைமேல் நான்கு சக்கரத்தில் நின்றது. பல் டாக்டர் முதலில் கைதட்டினார், பிறகு ஹாலே தட்டியது. என் நெஞ்சு அடித்த அடியில் சட்டைப் பொத்தான் தெறித்துவிடும் போலிருந்தது.

செயலாளர் டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்தார். அந்த வில் வழியாக வெகுநேரம் பார்த்தார். உதடு அசைந்தது, இலக்கங்களைப் படிக்கிறார். பிறகு நிமிர்ந்து, இந்த மூட்டம் யாருடைய யோசனை, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு நல்ல பொய்க்குத் தயாரானேன்.

"மாமா பசையை மாத்திப் போட்டுட்டாருங்க" என்றான் என் மச்சினன்.

இரண்டாவது பரிசு வந்தது. அதை யார் கவனித்தார்கள். செயலாளர் பட்டியலைத் திறந்து அவன் பெயருக்கு எதிரே ஒரு டிக் போட்டார், அந்தச் சத்தம்தான் எனக்குக் கேட்டது. பிறகு காருக்கு முன்னால் வைக்கும் அட்டையை அவனிடம் நீட்டி, நிரப்பச் சொன்னார். கட்டியவர்கள் என்ற இடத்தில் எங்கள் இருவர் பெயரையும் எழுதினான், முதலில் என்னுடையது. பாகங்கள் நூற்றுப் பதினெட்டு என்று எழுதினான். அடுத்த வரி, முடித்த தேதி. அங்கே பேனா நின்றுவிட்டது.

"இன்னைக்கு என்ன தேதி மாமா?"

சத்தியமாக எனக்கும் தெரியவில்லை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். செயலாளர் எங்கள் தலைக்கு மேலே கையைக் காட்டினார். போட்டி பேனரில் முழ உயரத்துக்குத் தேதி இருந்தது, காலையிலிருந்து அதற்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தோம். அவன் அதைப் பார்த்துப் பார்த்து எழுதினான், ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி. எழுதிவிட்டு ஈரம் காய ஊதினான். பிறகு அட்டையைக் காருக்கு முன்னால் வைத்து, இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று, பார்க்க வந்த மற்றவர்களோடு சேர்ந்து அதைப் படித்தான்.