பார்க்காத ஸ்லைடு

பன்னிரண்டு நாளாக வண்டியைத் தொடாத பேருந்து ஓட்டுநர், ரத்தம் கொடுக்கச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மாத்திரையில் முகம் பூசணிக்காயாக ஊதியிருந்தது. மனுஷன் ராத்திரி கண்ணே மூடுவதில்லை என்று கூட வந்த மனைவி குறைப்பட்டுக்கொண்டாள்.

“அதுல ஒரு லாபம் மேடம். வீட்டுக்குப் பூட்டே போட வேண்டாம்,” என்றார் அவர்.

லேப் டெக்னீஷியனுக்குச் சிரிப்பு வரவில்லை. போன முறை அவர் பிளேட்லெட் முப்பத்தெட்டாயிரம்தான் என்று கையெழுத்துப் போட்டவள் அவள். ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டிய அணுக்கள். குறைந்தால் ரத்தம் கசியும். அதனால்தான் வேலைக்குத் தடை, வீரியமான மாத்திரை.

ரத்தம் உறையாமலிருக்கக் குழாய்க்குள் ஓர் உப்பைப் பூசியிருப்பார்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு அந்த உப்பே பிளேட்லெட்டுகளைக் கொத்தாக ஒட்டவைத்துவிடும். இயந்திரமோ அளவைப் பார்த்து எண்ணுவது. கொத்தைக் கணக்கில் சேர்க்காது. உடம்பில் நிறைந்திருப்பது காகிதத்தில் பஞ்சமாகிவிடும். ஆகவே ஒரு லட்சத்துக்குக் கீழே வந்தால், ஒரு சொட்டைக் கண்ணாடி ஸ்லைடில் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்து என்பது லேபின் சட்டம். அன்று அவள் தேய்த்தாள், சாயமும் ஏற்றினாள். வீட்டுக்குப் போகும் வேன் வாசலில் ஹாரன் அடித்தது. பதிவேட்டில் ‘பார்த்தேன்’ என்று எழுதி, ஸ்லைடைப் பெட்டியில் போட்டுவிட்டு ஓடினாள்.

இன்றும் இயந்திரம் நாற்பத்தோராயிரம் என்றது. இந்த முறை பார்த்தாள். ஸ்லைடின் ஓரமெங்கும் திராட்சைக் குலைபோலக் கொத்துகள். பழைய ஸ்லைடைத் தேடி எடுத்து வைத்தாள். அதிலும் அதே கொத்துகள். வேறு உப்புள்ள குழாயில் மறுபடி ரத்தம் எடுத்து எண்ணினாள். இரண்டு லட்சத்து முப்பதாயிரம்.

இதை மட்டும் அனுப்பினால் ஒருவரும் கேள்வி கேட்கப்போவதில்லை. ஆனால் டாக்டர் மாத்திரைதான் குணப்படுத்தியது என்று நினைப்பார். இன்னும் சில மாதம் தொடரச் சொல்வார். ஓட்டுநரும் மனைவியும் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அந்தக் கும்பிடைத்தான் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இரண்டு ஸ்லைடையும் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு, எதையும் இருமுறை பார்ப்பதால் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயரெடுத்த லேப் தலைவரிடம் போனாள்.

“அன்னைக்குப் பார்த்தியாம்மா?”

“இல்ல சார். பார்த்தேன்னு எழுதினேன்.”

அவர் திட்டவில்லை. டாக்டருக்குப் போன் செய்தார். ஓட்டுநர் மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம், இப்போதே தன்னை வந்து பார்க்கட்டும் என்றாராம் டாக்டர். அதை வெளியே போய் யார் சொல்வது என்று தலைவர் கேட்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

பெஞ்சில் அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குழாய், உப்பு, கொத்து என்று ஒவ்வொன்றாக விளக்கினாள். வியாதியே இல்லை என்றதும் ஓட்டுநர் வாய்விட்டுச் சிரித்தார். பார்க்காமலே எழுதிய கதையையும் மறைக்காமல் சொன்னாள்.

மனைவி சிரிக்கவில்லை.

“அந்தக் கண்ணாடியப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்மா?”

“ரெண்டு நிமிஷம்க்கா.”