லேவி தழை

ருக்குரு ஆற்றுப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு திசை வண்டிகள்தான் போகலாம். கட்டிய காலத்தில் வெள்ளைக்கார அதிகாரியின் கார் வாரத்துக்கு ஒருமுறை கடக்கும், அவ்வளவுதான். பிறகு புகையிலை லாரிகள் வந்தன. பிறகு மினிபஸ்கள், சைக்கிள் டாக்சிகள். இப்போது அக்கரையிலிருந்து நாள் முழுக்க நிலக்கரி. கைப்பிடிக் கம்பியில், ஆற்றில் துவைத்த துணியில், துப்பும் எச்சிலில்கூடக் கறுப்பு.

சாவு விழுந்தால் சாலையில் பச்சைத் தழை போடுவார்கள். அதைக் கண்ட வண்டி நின்றுவிடும். கரி லாரிகள் தடையில்லாமல் கடக்க, இக்கரையில் தழை போடச் சொன்னார்கள் ஓட்டுநர்கள். பாலத்துக் காவலாளி லேவி சாவிங்கா போட்டான். சனங்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, இல்லாத சவத்துக்காக நின்றார்கள். விஷயம் வெளிப்பட்டதும் பொய்த் தழைக்கு லேவி தழை என்றே பெயராகிவிட்டது.

அவன் மனைவி நியாஹராவா செத்துப்போனாள். புதைக்க வேண்டிய இடம் அக்கரையில், லேவியின் குலமான சாவிங்காக்களின் மண்ணில். அவள் தம்பி யொத்தாமு தூரத்து ஊர்க்காரன். ஆளனுப்பி அக்கரைச் சாலையில் தழை போடவைத்தான். ஒரு லாரியும் நிற்கவில்லை. நசுங்கிய இலைகளைச் சக்கரங்களில் ஒட்டிக்கொண்டு வந்தபடியே இருந்தன. நண்பகல் தாண்டியது. பெட்டியிலிருந்து வாடை வரத் தொடங்கியது. பெண்கள் பாட்டை நிறுத்தாமலே மூக்கைத் துணியால் மூடிக்கொண்டார்கள்.

பாலத்தை விட்டு இறங்கிய ஒரு லாரி வேகம் குறைந்தது. ஓட்டுநர் லேவியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தலையை நீட்டினான்.

"என்னண்ணே, இன்னிக்கு யாரு? உங்க மாமியாரு நாலாந்தடவையா?"

அப்புறம்தான் பெட்டியைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான்.

"லேவி தழைன்னு நெனச்சிட்டோம்ணே. பின்னால இன்னும் இருபது வண்டி ஏறிடுச்சு."

லாரி போய்விட்டது. அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று யொத்தாமு பக்கத்தில் நின்றவர்களைக் கேட்டான். தயங்கித் தயங்கிச் சொன்னார்கள்.

"எங்கக்காவ எங்க ஊருக்கே கொண்டுபோறேன், மச்சான். நீங்க குடுத்த மாட்ட வேணும்னா வந்து ஓட்டிக்கிட்டுப் போங்க."

பரிசமாக மாடு கொடுத்துக் கட்டியவளை அவள் பிறந்த மண்ணில் புதைப்பதைவிட ஒரு புருஷனுக்குக் கேவலம் கிடையாது. லேவியின் நாக்கில் கரி கரித்தது. பெட்டி திரும்பியது. அவன் கடைசி ஆளாகப் பின்னால் நடந்தான். முதுகுக்குப் பின்னால் ஒரு லாரி விடாமல் ஒலியெழுப்பியது. திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓரமாக ஒதுங்கி, பாலத்தில் தினமும் செய்வதுபோலக் கையை வீசி, அதற்கு வழிகாட்டினான். லாரி ஊர்வலத்தை உரசிக்கொண்டு போனது. அதன் பிறகுதான் தன் கை செய்ததைப் பார்த்தான்.