கம்பு நுனியில் தொப்பி

குன்வோர் மறுபடியும் பயிற்சி மெத்தையில் பொத்தென்று விழுந்தாள். விழுந்ததுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. மேலே கம்பு நுனியில் அந்தக் கறுப்புத் தொப்பி ஒன்றுமே நடக்காததுபோல் உட்கார்ந்திருந்ததுதான் எரிச்சலாக இருந்தது. ஹாலிங் ஆட்டத்தில் அந்தத் தொப்பியைக் காலால் உதைத்துத் தள்ள வேண்டும். குனிந்தும் நிமிர்ந்தும் வட்டமாகச் சுற்றி வந்து, பிடில் சூடுபிடிக்கும் நேரம் பார்த்து வலது முழங்காலை வீசி எழும்ப வேண்டும். உடம்பு காற்றில் இருக்கும்போதே இடது கால் மேலே போக வேண்டும். சொல்வதற்கு எளிதுதான். ஐம்பத்து நான்கு வயது இடுப்பு அதைக் கேட்டுக்கொள்ள வேண்டுமே.

"தொப்பியவே மொறச்சுப் பாக்காதீங்க குன்வோர்," என்றாள் ஓஸ்னே. வகுப்பு எடுக்கிற பெண்; கம்பைப் பிடித்திருந்தவளும் அவள்தான். குன்வோரின் வயதில் பாதிகூட இருக்காது. "உதைச்சு முடிச்சாச்சுன்னு நெனச்சுக்கிட்டு எழும்புங்க."

"நெனப்புல நூறு தொப்பி உதைச்சிட்டேன். விழறது என்னமோ நான்தான்."

வல்ட்ரெஸ் மலைப் பள்ளத்தாக்கில் ஏரிக்கரையில் இருக்கும் அந்த விடுதிப் பள்ளிக்குக் கோடையில் பிள்ளைகள் வரமாட்டார்கள். பிடில்காரர்களும் பாட்டுக்காரர்களும் ஆட்டக்காரர்களும் ஒரு வாரம் அதை எடுத்துக்கொள்வார்கள். கல்யாணமான மறு கோடையிலிருந்து குன்வோரும் சீவெர்ட்டும் ஒரு வருஷம் விடாமல் வருகிறார்கள். சீவெர்ட் ஆடுவான்; குன்வோர் நாற்காலிமேல் ஏறி நின்று கம்பைப் பிடிப்பாள். அந்தக் காலத்தில் ஹாலிங் ஆண்களின் ஆட்டம். பெண்கள் ஆடக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை, ஆடட்டுமா என்று யாரும் கேட்கவும் இல்லை. மற்ற நாட்களில் குன்வோர் பால் டாங்கர் ஓட்டுகிறவள். ஐஸ் உறைந்த மேட்டில் அந்தப் பெரிய வண்டியைப் பின்பக்கமாகவே ஏற்றிப் பண்ணை வாசலில் நிறுத்துவாள். அப்பேர்ப்பட்டவள் இங்கே வந்தால் வெறும் கம்பு தாங்கி. குறி தப்பிய ஆண்கள் முதலில் முறைப்பதும் அவளைத்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்த ஊரில் ஆடத் தெரியாதவனுக்குக் கம்பு கோணல்.

சீவெர்ட் அப்படி முறைத்ததில்லை. அவனுக்குக் குறி தப்பியதும் இல்லை. கடைசி ஐந்தாறு வருஷமாக அவன் எழும்பும் உயரம் குறைந்துகொண்டே வந்ததை அவனுக்கு முன்னால் அவள் கண்டுபிடித்துவிட்டாள். அவன் முழங்காலை வீசும் நொடியில் மணிக்கட்டை லேசாக மடக்குவாள். கம்பு நுனி நாலு விரற்கடை இறங்கும். ஒருவர் கண்ணிலும் படாது. தொப்பி பறக்கும், கூடம் அதிரக் கைதட்டுவார்கள், அவன் முகமெல்லாம் சிவந்து அவளைப் பார்த்துச் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காக இன்னும் நாலு விரற்கடைகூட இறக்கியிருப்பாள்.

இந்தக் குளிர்காலத்தில் அவனுக்கு முழங்கால் மாற்றினார்கள். நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம், வால்ட்ஸ்கூட ஆடலாம், ஹாலிங் மட்டும் கூடவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த வாரத்தில்தான், பால் பண்ணை வண்டிக் கொட்டகையில், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துக் குன்வோர் தன் தொப்பியைக் கொக்கியில் மாட்டி உதைத்துப் பார்த்தாள். ஏன் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. கால் மேலே போனபோது வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷம் வெட்கம் பிடுங்கித் தின்றது. அங்கே அவன் காலை அறுத்துத் தைத்துப் போட்டிருக்கிறார்கள், இங்கே நான் காலைத் தூக்கி ஆடுகிறேன். ஆனாலும் மறுநாளும் ஆடினாள், அதற்கு மறுநாளும் ஆடினாள். கோடை வந்ததும் ஓஸ்னேயின் வகுப்பில் சேர்ந்துவிட்டு, பாட்டு வகுப்பில் சேர்ந்திருப்பதாகச் சீவெர்ட்டிடம் புளுகினாள்.

புதன்கிழமை மத்தியானம் புளிப்புப் பாலேட்டுக் கஞ்சி. சீவெர்ட் காலையெல்லாம் பெரிய கூடத்தில் சுவரோரம் உட்கார்ந்து ஜோடி ஆட்டக்காரர்கள் ஆடுவதைப் பார்த்துவிட்டு, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்திருந்தான்.

"இன்னைக்கு என்ன பாட்டு சொல்லிக் குடுத்தாங்க?"

"மலைல மாட்டக் கூப்பிடற பாட்டு," என்றாள் அவள், வாயில் வந்ததை.

"எங்க, கூப்பிடு பாப்போம்."

மாட்டிக்கொண்டாள். கரண்டியை வைத்துவிட்டு, சின்ன வயதில் எங்கோ கேட்ட ஞாபகத்தில் குரலை மேலே ஏற்றினாள். பாதி வழியில் அது உடைந்து கீச்சிட்டது. பக்கத்து மேசையில் பிடில்காரர் ட்ரூல்ஸ் கஞ்சியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். சீவெர்ட் மட்டும் சிரிக்காமல் கடைசிவரை கேட்டான்.

"மாடு வராது," என்றான். "ஓநாய் வந்தாலும் வரும்." உருக்கிய வெண்ணெயை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். வாரம் பூராவும் அவன் சொன்ன முதல் வேடிக்கை அதுதான். குன்வோர் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை எல்லா வகுப்பாரும் கூடத்தில் ஆடிக் காட்டுகிற நாள். காலையிலேயே அவள் ஓஸ்னேயைத் தேடிப் போனாள். "எனக்கு வயிறு சரியில்ல. என்னக் கூப்பிடாத."

"நேத்து தொப்பியத் தள்ளிட்டீங்களே! ஒரே ஒரு தடவன்னாலும் தள்ளினீங்கல்ல?"

"அது மெத்தமேல. யாரும் பாக்காதப்ப." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "அந்தத் தரை பூராவும் அவன் ஆடுன தரை, ஓஸ்னே. அதுல நான் ஆட, அவன் சுவரோரமா ஒக்காந்து பாக்கணுமா? என்னால முடியாது."

"அவர்கிட்டக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கேட்டால் ஆடு என்றுதான் சொல்வான், சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்க் கொட்டகையில் தனியாக உட்கார்ந்திருப்பான். அவளுக்கு அவனைத் தெரியாதா?

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. ஈரக் கம்பளியும் காப்பியும் மணக்கும் கூடத்தில், சுவரோர பெஞ்சில் சீவெர்ட்டை ஒட்டி உட்கார்ந்தாள். பாட்டு வகுப்பார் மேடையேறியபோது, "நீ போகலையா?" என்று அவன் கேட்கவில்லை. அதை அவள் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கிற நிலையில் இல்லை. பிறகு ஓஸ்னேயின் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து உதைத்தார்கள். சிலர் தள்ளினார்கள், சிலர் விழுந்தார்கள், எல்லோருக்கும் கைதட்டல். ஓஸ்னே இவள் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, கம்பைச் சுவரில் சாய்த்தாள்.

சீவெர்ட் எழுந்தான். நொண்டி நொண்டிப் போய்க் கம்பை எடுத்தான். தொப்பியை நுனியில் மாட்டினான். இவனுக்கென்ன பைத்தியமா, இந்தக் காலை வைத்துக்கொண்டு ஆடப் போகிறானா என்று கூடமே எட்டிப் பார்த்தது. அவன் நேராக நாற்காலியிடம் போய், நல்ல காலை முதலில் வைத்து, ட்ரூல்ஸின் தோளைப் பற்றிக்கொண்டு ஏறினான். மற்றக் காலை மேலே இழுக்கும்போது முகம் கோணியது.

"இன்னும் ஒரு ஆள் பாக்கி," என்றான். "வயித்து வலிக்காரி. வாடி சீக்கிரம், கால் வலிக்குது."

குன்வோருக்குக் காதெல்லாம் சுட்டது. எழுந்து போனாள், போகாமல் என்ன செய்வது? ட்ரூல்ஸ் பிடிலைத் தூக்கினார், காலால் தரையைத் தட்டினார். அவளுடைய முழங்கால்கள் தாமாகவே மடங்கின. அரை வட்டம், முழு வட்டம், குதிகால் பலகையில் மோதும் சத்தம். மெத்தை இல்லாத தரை எவ்வளவு நன்றாக உந்தித் தள்ளுகிறது! பிடில் ஏறியது. முழங்காலை வீசப்போகும் நொடியில் பார்த்துவிட்டாள், கம்பு நுனி இறங்குவதை. நாலு விரற்கடை. அந்த மணிக்கட்டு மடங்கும் விதம் உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தாள்.

சட்டென்று நின்றாள். ட்ரூல்ஸின் வில்லும் பாதியில் நின்றது. நாற்காலிக்குக் கீழே போய் அண்ணாந்து பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"எது? நீ பாட்டு வகுப்புக்குப் போகாததா? மூணு நாள் பாட்டுப் படிச்சவ கூப்பிட்ட மாதிரியா இருந்துச்சு அது? நேத்து கதவிடுக்குல நீ உதைக்கறதப் பாத்தேன், வயித்து வலிய ஓஸ்னே சொன்னா."

"அதில்ல. கம்பு."

சீவெர்ட் கூடத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "மொத வருஷமே தெரியும்."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ தூக்கிப் புடிச்சிருவியே."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இத்தனை வருஷம் இவனை ஏமாற்றிவிட்டதாக நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேனே!

"நான் ஆடறது உனக்கு வருத்தமா இல்லையா?"

"இருக்கு," என்றான் அவன். "இல்லாம எப்படி? நேத்து ராத்திரி தூக்கமே வரல. அதுக்காக ரெண்டு பேரும் சுவரோரமா ஒக்காரணுமா?"

குன்வோர் மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டாள். "நான் உன்ன மாதிரி இல்ல. தூக்கிப் புடி."

"விழுந்துடுவ."

"விழுந்தா எந்திரிச்சுக்கறேன். தூக்குடா."

அவன் தூக்கினான். ட்ரூல்ஸ் முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை அவள் தொப்பியைப் பார்க்கவே இல்லை. வட்டம், இன்னொரு வட்டம், முழங்கால் வீச்சு. கால் மேலே போனது. கால் பெருவிரல் தொப்பியின் கம்பளியில் உரசியதை அவள் உணர்ந்தாள். அடுத்தது இடுப்புக்குக் கீழே வெறும் பலகை. எலும்பு வரைக்கும் வலித்தது. கூடம் "அய்யோ" என்றது.

"தொட்டுட்ட!" என்று மேலேயிருந்து கத்தினான் சீவெர்ட். "குன்வோர், தொட்டுட்ட!"

இறக்கிப் பிடிக்கட்டுமா என்று அவன் கேட்கவில்லை. ஓஸ்னே கையை நீட்டினாள். குன்வோர் அதைத் தள்ளிவிட்டு, தரையில் கையூன்றித் தானே எழுந்தாள். இடுப்பைத் தடவிக்கொண்டே ட்ரூல்ஸைப் பார்த்துத் தலையாட்ட, பிடில் மறுபடி ஆரம்பித்தது. அவள் முழங்காலை மடக்கி வட்டத்தின் முதல் அடியை வைத்தாள். நாற்காலிமேல் சீவெர்ட் கம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான். நுனி ஒரு நூல்கூட இறங்கவில்லை. அங்கே, அவள் கால்விரல் பட்ட வேகத்தில், தொப்பி இன்னும் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது.